பழுதறியும் பண்பு

மனிதன் படைத்த கருவிகளுள் பழுதுறாத கருவி ஒன்றும் இல்லை. ஏரின் கொழு தேய்கின்றது. கிணற்றுக் கயிறு அறுகின்றது. கடிகாரத்தின் வில் தளர்கின்றது. அவற்றைப் போலவே, இன்று வீட்டிலும் பள்ளியிலும் அலுவலகத்திலும் இடம்பெற்றுவிட்ட கணிப்பொறியும் ஒருநாள் இயங்க மறுத்து நின்றுவிடுகின்றது. கருவி பழுதுறுதல் இயற்கை. அவ்வேளையில் அதனைப் பயன்படுத்துவோன் எவ்வாறு நடந்துகொள்கின்றான் என்பதே அவனுடைய அறிவையும் பண்பையும் காட்டும். ஒருவன், திரை இருண்டதும் மனமும் இருண்டு, கையில் அகப்பட்ட விசைகளையெல்லாம் அழுத்துகின்றான், பெட்டியைத் தட்டுகின்றான், பிறரைக் குறை கூறுகின்றான். மற்றொருவன் கையை எடுத்துவிட்டுக் கண்ணைச் செலுத்துகின்றான். முன்னவனிடத்தில் சிறு பழுது பெரும் பழுதாக வளர்கின்றது. பின்னவனிடத்தில் பெரும் பழுதும் ஒரு பாடமாக அமைகின்றது. இவ்வேறுபாடு செல்வத்தால் வந்ததன்று; பட்டத்தால் வந்ததுமன்று; பழகிய முறையால் வந்ததாகும்.

கணிப்பொறியின் பிழையை ஆங்கிலத்தில் 'பக்', அதாவது பூச்சி, என்று வழங்குவர். இப்பெயரோடு சுவையான செய்தி ஒன்று தொடர்புடையது. அமெரிக்க நாட்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 'மார்க் 2' என்னும் பெரிய கணிப்பொறி ஒன்று இருந்தது. 1947ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 9ஆம் நாள் அப்பொறி தவறாக இயங்கவே, அதனைப் பேணிவந்தோர் உறுப்பு உறுப்பாக ஆராய்ந்தனர். மின்னோட்டத்தைத் திறந்தும் மூடியும் வேலை செய்யும் ரிலே ஒன்றின் இடையே விட்டிற்பூச்சி ஒன்று சிக்கிக் கிடந்தது. அவர்கள் அதனை எடுத்து எறிந்துவிடவில்லை. பொறியின் நாட்குறிப்பில் ஒட்டி, உண்மையாகவே ஒரு பூச்சி அகப்பட்ட முதல் நிகழ்ச்சி இது என்று நகைச்சுவையாக எழுதி வைத்தனர். பழுதைப் பூச்சி என்று சுட்டும் வழக்கு அதற்கு முன்னரே பொறியாளரிடையே இருந்தது. எடிசனே 1878இல் எழுதிய கடிதமொன்றில் அச்சொல்லை ஆண்டிருக்கின்றார். அந்நாட்குறிப்பு இன்றும் அமெரிக்க அருங்காட்சியகம் ஒன்றில் போற்றப்படுகின்றது. பூச்சியினும் அதனைக் கண்டோர் செய்த செயலே பெரிது. அவர்கள் தேடினார்கள், கண்டார்கள், எழுதி வைத்தார்கள். பழுதறியும் கலையின் முப்பெரும் படிகள் இவையே எனலாம்.

நோயாளியின் வாய்மொழியைக் கேளாத மருத்துவன் நோயை அறியான். கணிப்பொறியும் தன் நோயைத் தானே உரைக்கின்றது. திரையில் சிறு கட்டமிட்டு ஒரு செய்தி தோன்றுமாயின், பெரும்பாலோர் அதனைப் படியாமலே 'ஓகே' என்று அழுத்தி அகற்றிவிடுகின்றனர். அழைக்க வந்த தூதனை வாயிலிலேயே துரத்துவது போன்றது இச்செயல். அச்செய்தியைச் சொல் மாறாமல் ஏட்டில் எழுதிக்கொள்ளல் வேண்டும். அல்லது கைப்பேசியால் படம் எடுத்துக்கொள்ளல் வேண்டும். பின்னர் மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று. இப்பழுது எப்பொழுது தொடங்கியது? அதற்குச் சற்று முன்னர் எது மாற்றப்பட்டது? அது மீண்டும் மீண்டும் ஒரே நிலையில் தோன்றுகின்றதா, அன்றி எப்பொழுதோ ஒருமுறை தோன்றி மறைகின்றதா? நேற்று நன்றாக இருந்த பொறி இன்று கெட்டதென்றால், இடையில் ஏதோ ஒன்று மாறியிருத்தல் வேண்டும். புதிதாகச் சேர்த்த மென்பொருளோ, புதிதாக இணைத்த பிரிண்டரோ, நேற்றிரவு பெய்த மழையோடு வந்த மின்வெட்டோ அம்மாற்றமாக இருக்கலாம். மாற்றத்தைக் கண்டவன் காரணத்தின் வாயிலை அடைந்தவனாவான்.

எளியதை முதலில் ஆராய்க என்பது அடுத்த நெறி. பொறியில் உயிரே இல்லையெனில், சுவரிலுள்ள ஸ்விட்சையும் பிளக்கையும் முதலில் காண வேண்டும். அதே பிளக்கில் ஒரு மேசை விளக்கைப் பொருத்தி மின்சாரம் வருகின்றதா என்று அறிய வேண்டும். பெட்டியில் விளக்கு எரிந்தும் திரை இருண்டிருப்பின், மானிட்டரின் கேபிளைக் கழற்றி மீண்டும் இறுகப் பொருத்திப் பார்க்க வேண்டும். தொடங்கும்போது 'பீப்' என்ற ஒலி பலமுறை எழுமாயின், அதுவும் ஒரு மொழியே. திரையில் எழுத்துத் தோன்றுவதற்கு முன்னரே பொறி தன் உறுப்புகளைத் தானே சோதித்துக்கொள்கின்றது. குறை கண்டால் ஒலியால் உணர்த்துகின்றது. அவ்வொலிகளின் எண்ணிக்கைக்குரிய பொருளை மதர்போர்டின் கையேடு கூறும். ராம் என்னும் நினைவகத் தகடு தன் இடத்தில் சரியாக அமராமையும் இதற்கு ஒரு காரணமாகும். பெட்டியைத் திறக்குமுன் மின்னிணைப்பை முற்றிலும் நீக்கி, பெட்டியின் இரும்புப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு, உடலில் தங்கிய நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்வது அறிவுடைமை.

பொறியை நிறுத்தி மீண்டும் தொடங்கினால் பல பழுதுகள் நீங்கிவிடுகின்றன. இதனை மாயம் என்று சிலர் எண்ணுகின்றனர். மாயம் ஒன்றும் இல்லை. பல மென்பொருள்கள் நெடுநேரம் ஓடும்போது, நினைவகத்தில் தாம் பெற்ற இடத்தைத் திருப்பித் தராமல் தேக்கி வைத்துக்கொள்கின்றன. சில ஒன்றையொன்று எதிர்நோக்கி நின்றுவிடுகின்றன. மீண்டும் தொடங்கும்போது அந்நினைவகம் வெறுமையாகி, எல்லாம் புதிதாகத் தொடங்குகின்றன. ஆயினும் ஒரு நுட்பம் அறியத்தக்கது. விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்னும் அமைப்பு இயங்கும்போது, 'ஷட் டவுன்' என்று அணைத்தாலும் இயங்குதளத்தின் உட்பகுதி தன் நிலையை வட்டில் எழுதி வைத்துக்கொண்டு மறுநாள் அதே நிலையில் எழுகின்றது. 'ரீஸ்டார்ட்' என்று பணித்தாலே அது முழுமையாகப் புதுப்பிக்கப்படுகின்றது. பத்துமுறை அணைத்தும் தீராத குறை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ததும் தீர்வதற்குக் காரணம் இதுவே.

பழுதின் தோற்றம் ஓரிடத்திலும் அதன் வேர் வேறிடத்திலும் இருத்தல் உண்டு. பழைய பொறி ஒன்று இணையத்தளங்களைத் திறக்க மறுத்து, 'பாதுகாப்பற்றது' என்று எச்சரிக்கின்றது என்று கொள்வோம். இணைப்பில் குறையென்று கேபிளை மாற்றுவோர் உண்டு. வைரஸ் என்று அஞ்சி அனைத்தையும் அழிப்போரும் உண்டு. திரையின் மூலையில் உள்ள தேதியைக் கண்டவன் மட்டும் உண்மையை உணர்கின்றான். அங்கே பல ஆண்டுகளுக்கு முந்தைய தேதி காணப்படுகின்றது. மதர்போர்டில் நாணயம் போன்ற சிறு பேட்டரி ஒன்று இருக்கும். அதன் பெயர் சி.ஆர். 2032. குறுக்களவு 20 மில்லிமீட்டர், கனம் 3.2 மில்லிமீட்டர் என்பதையே அவ்வெண் குறிக்கின்றது. மின்சாரம் இல்லாத போதும் கடிகாரத்தை ஓடச் செய்வது அது. அது தீர்ந்துபோனால் பொறி காலத்தை மறக்கின்றது. இணையத்தளங்கள் காட்டும் நம்பிக்கைச் சான்றுகளோ காலவரையறை உடையவை. காலம் தவறிய பொறிக்கு மெய்ச்சான்றும் பொய்ச்சான்றாகத் தோன்றுகின்றது. மிகச் சிறிய பேட்டரி ஒன்று உலகத்தையே ஐயுறச் செய்துவிட்டது! தோற்றத்தைக் கண்டு மருந்திடாமல் வேரைத் தேட வேண்டும் என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுமோ?

ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுக என்பது பழுதறிவோர் போற்றும் தலையாய நெறி. மூன்றை ஒருங்கே மாற்றினால், குறை நீங்கினும் எதனால் நீங்கியது என்பது விளங்காது. நீங்காவிடினோ குழப்பமே மிகும். இந்நெறியைக் கடைப்பிடித்து உலகையே வியக்கச் செய்தவர் தாமஸ் நைஸ்லி என்னும் கணிதப் பேராசிரியர். அவர் அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து லிஞ்ச்பர்க் கல்லூரியில் பணியாற்றியவர். 11, 13 என்றும் 17, 19 என்றும் இரண்டு வேறுபாட்டுடன் இணையாக வரும் பகா எண்களை அவர் ஆராய்ந்துவந்தார். அவற்றின் தலைகீழ் எண்களைக் கூட்டிக்கொண்டே செல்லும் வேலையைச் சில தனியாள் கணிப்பொறிகளிடம் ஒப்படைத்திருந்தார். 1994ஆம் ஆண்டு அவற்றோடு புதிய பென்டியம் பொறி ஒன்றையும் சேர்த்தார். சூன் திங்களில் கணக்கு ஒன்றுக்கொன்று முரண்படுவதைக் கண்டார்.

அவ்வேறுபாடு மிகமிகச் சிறியது. வேறொருவராயின் புறக்கணித்திருப்பர். அவரோ தம்மையே முதலில் ஐயுற்றார். தாம் எழுதிய நிரலில் தவறு உண்டோ என்று பார்த்தார். அதனை எந்திரமொழியாக்கும் மென்பொருளை ஆராய்ந்தார். பின்னர் மதர்போர்டின் துணைச்சில்லுகளை ஐயுற்றார். ஒவ்வொன்றாக நீக்கி நீக்கித் திங்கள் நான்கு கழிந்தன. முடிவில் 824633702441, 824633702443 என்னும் இரண்டு எண்களிடம் வந்து நின்றார். அவற்றின் தலைகீழ் எண்களைக் கணிக்கும்போதே பிழை நேர்ந்தது. பழைய 486 வகைப் பொறிகளில் அப்பிழை இல்லை. பிற பென்டியம் பொறிகளில் இருந்தது. பென்டியத்தின் தசமக் கணக்குப் பகுதியை இயங்காதவாறு நிறுத்தினால் மறைந்தது. எனவே குற்றம் சில்லிலேயே உள்ளது என்று அக்டோபர் 19ஆம் நாள் உறுதிகொண்டார். 24ஆம் நாள் அச்சில்லைச் செய்த இன்டெல் நிறுவனத்துக்கு அறிவித்தார். 30ஆம் நாள் பிற அறிஞர்க்கும் எழுதினார்.

வகுத்தலுக்கு வேண்டிய எண் அட்டவணையில் சில இடங்கள் நிரப்பப்படாமல் விடுபட்டமையே அப்பிழைக்குக் காரணம் என்பது பின்னர் உலகறிந்தது. அது பெரும்பாலோரைத் தாக்காது என்று கூறி, தேவையை மெய்ப்பிப்போர்க்கு மட்டுமே மாற்றுச் சில்லுத் தர முன்வந்த நிறுவனம், மக்களின் குரல் வலுத்ததும் டிசம்பர் 20ஆம் நாள், வேண்டுவோர் அனைவர்க்கும் மாற்றித் தருவதாக அறிவித்தது. அதன் பொருட்டு அது கணக்கில் எழுதிய இழப்பு 475 மில்லியன் டாலர். பெருநிறுவனம் ஒருபுறம், கல்லூரி ஆசிரியர் ஒருவர் மறுபுறம். அவரிடம் இருந்த படைக்கலம் யாது? தம் பிழையை முதலில் தேடிய நேர்மையும், ஒவ்வொன்றாகச் சோதித்த பொறுமையும், எவரும் செய்து பார்த்து உண்மை காணத்தக்கவாறு எழுதிய குறிப்புமே அன்றோ? தன்னையே முதலில் ஐயுற்றவன் பிறரைக் குற்றங்கூறும்போது அச்சொல் மலைபோல் நிற்கின்றது.

இத்தகைய ஆராய்ச்சிக்கு உதவும் மென்பொருள்கள் பல இன்று விலையின்றியே கிடைக்கின்றன. பொறி மெதுவாக இயங்கினால், விண்டோஸில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்துக. 'டாஸ்க் மேனேஜர்' தோன்றி, எந்த மென்பொருள் எவ்வளவு நினைவகத்தையும் வட்டினையும் பயன்படுத்துகின்றது என்று காட்டும். தொடங்கும்போதே தாமாக எழுந்து இடத்தை அடைத்துக்கொள்ளும் மென்பொருள்களையும் அங்கேயே நிறுத்தலாம். இன்னும் நுணுகிக் காண விரும்புவோர்க்கு 'பிராசஸ் எக்ஸ்ப்ளோரர்', 'ஆட்டோரன்ஸ்' என்பவை உள்ளன. 1996இல் மார்க் ருசினோவிச், பிரைஸ் காக்ஸ்வெல் என்னும் இருவர் தொடங்கிய தொகுப்பைச் சேர்ந்தவை இவை. 2006இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் அத்தொகுப்பைத் தனதாக்கிக்கொண்டது. இன்றும் அவை விலையின்றி வழங்கப்படுகின்றன.

காரணமின்றிப் பொறி அடிக்கடி நின்றுபோனால் நினைவகத்தை ஐயுறலாம். 'மெம்டெஸ்ட் 86 பிளஸ்' என்னும் மென்பொருள், இயங்குதளம் எழுவதற்கு முன்னரே பென்டிரைவிலிருந்து இயங்கி, நினைவகத்தின் ஒவ்வொரு பகுதியிலும் எழுதியும் படித்தும் சோதிக்கின்றது. வட்டின் உடல்நலத்தை அறிய 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' துணைசெய்யும். வட்டு தன்னைத் தானே கண்காணித்து எழுதிவரும் குறிப்புகளைப் படித்துக்காட்டி, அழிவு நெருங்குவதைச் சிலபோது முன்னரே உணர்த்தும். பழுது மென்பொருளிலா, பொறியின் உறுப்பிலா என்று துணிய முடியாதபோது, பென்டிரைவிலிருந்தே இயங்கும் லினக்ஸ் உதவும். ஜெர்மானியரான கிளாஸ் நாப்பர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட 'நாப்பிக்ஸ்' இவ்வகையில் புகழ்பெற்றது. வட்டில் உள்ளவற்றைத் தொடாமலே அது பொறியை இயக்கும். அதன்கீழ்ப் பொறி நன்றாக நடந்தால் குறை பெரும்பாலும் மென்பொருளில் உள்ளது. அங்கும் தடுமாறினால் உறுப்பில் உள்ளது. நோயின் இடம் பாதியாகச் சுருங்கிவிடுகின்றது அல்லவா?

தவறி அழித்த கோப்பு உடனே மறைந்துவிடுவதில்லை. நூலகத்தின் பட்டியலிலிருந்து பெயரை நீக்கினாலும் நூல் அலமாரியில் இருப்பது போல, அது வட்டில் தங்கியிருக்கும். அவ்விடத்தில் வேறொன்று எழுதப்படும்போதே அது உண்மையில் அழிகின்றது. ஆதலின் அழித்ததை உணர்ந்த அக்கணமே அவ்வட்டில் எழுதுவதை நிறுத்த வேண்டும். மீட்கும் மென்பொருளையும் அதே வட்டில் பதித்தல் கூடாது. 'டெஸ்ட்டிஸ்க்', 'ஃபோட்டோரெக்' என்னும் இரண்டும் இம்மீட்புக்கு உதவுவன. எஸ்.எஸ்.டி. என்னும் புதுவகை வட்டுகளில் அழித்த இடம் விரைவில் துடைக்கப்படுவதால், அங்கே மீட்பது அரிது.

மீட்பதினும் காப்பது மேல். 1998ஆம் ஆண்டு பிக்சார் நிறுவனத்தார் 'டாய் ஸ்டோரி 2' என்னும் திரைப்படத்தைக் கணிப்பொறியில் உருவாக்கிக்கொண்டிருந்தனர். எவரோ இட்ட ஓர் அழிப்புக் கட்டளையால், பலர் உழைத்துச் செய்த உருவங்களும் காட்சிகளும் அவர்கள் கண்முன்னரே மறையத் தொடங்கின. நகல்களை நாடினர், அந்நகல்கள் சரியாகப் பதிவாகவில்லை என்பது அப்பொழுதுதான் தெரிந்தது. அவர்களுள் ஒருவரான கேலின் சூஸ்மன் என்னும் அம்மையார், கைக்குழந்தையின் பொருட்டு வீட்டிலிருந்தே பணியாற்றிவந்தார். அவர் வீட்டுப் பொறியில் அப்படத்தின் நகல் ஒன்று இருந்தது. அப்பொறியைப் போர்வையால் பொதிந்து, குழந்தையைப் போலக் காரில் கொண்டுவந்தனர். படம் பிழைத்து, 1999இல் வெளிவந்தது. சோதித்துப் பார்க்காத நகல் நகலாகாது என்பது இந்நிகழ்ச்சி புகட்டும் பாடம். முக்கியமான கோப்புக்கு மூன்று படிகள் வேண்டும்; அவை இரண்டு வகைக் கருவிகளில் இருத்தல் வேண்டும்; ஒரு படி வேறிடத்தில் இருத்தல் வேண்டும். ஆண்டு முழுதும் எழுதிய செயல்திட்டத்தை ஒரே பென்டிரைவில் வைத்திருக்கும் மாணவன், எல்லா நெல்லையும் ஓட்டைப் பானையில் சேமித்தவனை ஒப்பான்.

காலத்தே செய்யாத காப்பும் காப்பன்று. 2017ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் 'வான்னாகிரை' என்னும் தீய நிரல் உலகெங்கும் பரவிப் பொறிகளிலுள்ள கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகளே தடுமாறி, நோயாளிகளின் சிகிச்சை தள்ளிவைக்கப்பட்டது. அது புகுந்த வாயிலை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் மார்ச்சு 14ஆம் நாளே வெளியிட்டிருந்தது. இரண்டு திங்கள் இடைவெளி இருந்தும் அதனைப் பதிக்காதோர் பலர் இழப்புற்றனர். ஆதலின் 'அப்டேட்' என்னும் அறிவிப்பைத் தொல்லையென எண்ணித் தள்ளுதல் தகாது. விண்டோஸ் 10க்குரிய பொதுவான ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. புதிய விண்டோஸை ஏற்க இயலாத பழைய பொறியை எறிந்துவிட வேண்டுவதில்லை. லினக்ஸைப் பதித்து அதனை இன்னும் பயன்கொள்ளலாம்.

அறிந்து செய்வதைப் போலவே அறிந்து விலகுவதும் வேண்டும். லேப்டாப்பின் பேட்டரி உப்பியிருப்பின் உடனே அணைத்துவிட வேண்டும். அதனை அழுத்துதலும் குத்துதலும் தீயை அழைப்பதாகும். மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் பவர் சப்ளைப் பெட்டியைத் திறத்தலும் ஆகாது. பிளக்கை எடுத்த பின்னரும் அதனுள் உயிர்போக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கும். இவை கைதேர்ந்த பணியாளர்க்குரியவை. மென்பொருளை அதனைச் செய்தோரின் தளத்திலிருந்தே பெறுதல் வேண்டும். 'உங்கள் பொறியில் வைரஸ் உள்ளது, நாங்கள் தீர்க்கின்றோம்' என்று தாமே தொலைபேசியில் அழைப்போர் மருத்துவர் அல்லர், வழிப்பறிக்காரர்.

இவ்வாறு காணுங்கால், பழுதறிதல் என்பது பொறிக்கு மட்டும் உரிய கலையன்று என்பது புலனாகும். அஞ்சாமல் நோக்குதல், எளியதை முதலில் ஆராய்தல், ஒவ்வொன்றாக மாற்றுதல், தன் தவற்றை முதலில் தேடுதல், கண்டதைப் பிறர்க்கு எழுதி வைத்தல் ஆகிய இவை எத்துறையிலும் மனிதனுக்குத் துணைநிற்கும் பண்புகள். இப்பண்புகள் கைவரப்பெற்ற மாணவன் தன் பொறியைத் தானே பேணுவான். அண்டை வீட்டார் பொறி நின்றபோதும் ஓடிச் சென்று உதவுவான். திருத்தியது எவ்வாறு என்று அவர்களுக்கும் விளக்கிவிட்டு வருவானாயின், அவன் ஒரு பொறியை மட்டும் பழுது நீக்கியவன் அல்லன். ஓர் அச்சத்தையும் நீக்கியவன் ஆவான்.